பிழை தேடுவோரின் கூலி

2019ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராமில் ஒரு பெரும் பழுதைக் கண்டறிந்தார். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அந்நிறுவனம் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு பத்து நிமிடம் செல்லுபடியாகும். அந்நேரத்திற்குள் பல இணைய முகவரிகளிலிருந்து எண்களை ஒருசேரப் பொருத்திப் பார்த்தால் பிறர் கணக்கைக் கைப்பற்ற முடியும் என அவர் மெய்ப்பித்தார். பேஸ்புக் நிறுவனம் 30,000 டாலர் வழங்கியது. 2021இல் வேறொரு பழுதுக்காக மைக்ரோசாஃப்ட் 50,000 டாலர் வழங்கியது. ஏடுகள் இவற்றைப் 'பரிசு' என்றே எழுதின.

அந்தச் சொல்லைத்தான் ஐயுற வேண்டும். 2020இல் தனக்கு வந்த பழுதறிக்கைகள் ஏறத்தாழ 17,000 என்றும், தொகை பெற்றவை ஆயிரத்திற்கும் சற்று மேல் என்றும் பேஸ்புக்கே அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. தொகை பெற்ற நாடுகளுள் முன்வரிசையில் இந்தியா இருந்தது. எஞ்சிய அறிக்கைகளுள் பயனற்றவை மிகுதியாக இருக்கலாம். ஆயினும் எது பயனற்றது என்று தீர்ப்பவர் யார்? உழைப்பை வாங்குகிற நிறுவனமே. ஒரே பழுதை இருவர் தனித்தனியே கண்டால், முந்தி அனுப்பியவருக்கே பணம். மற்றவரின் பல இரவு உழைப்புக்கு ஒரு காசும் இல்லை.

உருப்படிக் கூலி முறையில் பொருளின் தரத்தைக் காட்டியே கூலியைப் பிடித்தம் செய்ய வழி பிறக்கிறது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கியுள்ளார். திருநெல்வேலிப் பீடித் தொழிலாளருக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுற்றிய பீடியைக் 'கழிவு' என்று ஒதுக்கினால், ஒதுக்கியது சரியா, அதற்குக் கூலி உண்டா என்னும் தகராறைத் தீர்க்க 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஓர் அதிகாரியிடம் முறையிட வழிசெய்தது. வீட்டுத் திண்ணையில் இருந்து உழைத்தவர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. இன்று வெள்ளறடையில் ஒரு வீட்டறையில் அமர்ந்து அமெரிக்க நிறுவனத்தின் வலைத்தளத்தைச் சோதிக்கும் இளைஞருக்கு அந்த உரிமையும் இல்லை. அவர் டெக்னோபார்க்கின் வாயிலைக் கடப்பதில்லை. ஆகவே சங்கத்தின் கண்ணிலும் படுவதில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'கிக்' தொழிலாளர் என்ற பெயரை ஏற்றதே தவிர, அவர்தம் கூலித் தகராற்றைத் தொடவில்லை.

சட்டத்தின் மறுபக்கமோ கடுமையானது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவோரிடம் இழப்பீடு கோர தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவு இடந்தருகிறது. நேர்மையற்ற நோக்கம் எனக் கண்டால் 66ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை. பழுதைக் கண்டு உரியவரிடம் சொல்லும் நல்லெண்ணச் சோதனையாளருக்கெனத் தனி விலக்கு அதில் இல்லை. அவ்விலக்கையும், நிறுவனத்தைச் சாராத தீர்ப்பாயத்தையும் தொழிற்சங்க இயக்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். ஒரே பழுதைத் தனித்துக் கண்ட இரண்டாமவருக்கும் கூலி உண்டு என்பதை அதன் முதல் வழக்காக எடுக்கலாம்.