கோடை முகாம் முடிஞ்சாச்சு... புத்தகம் வீட்டுக்கு வந்துச்சா?

சங்கரன்கோவில்:

“ஏலே, வெயில்ல சுத்தாம வீட்ல கெட!”

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற சத்தம் இது. சொல்லிவிட்டு அப்பா தறிக்குப் போய்விடுவார். அம்மா தார் சுற்றவோ, பூ கட்டவோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, காட்டு வேலைக்கோ கிளம்பிவிடுவார். அப்புறம் வீட்டில் கிடப்பது யார்? பிள்ளையும் செல்போனும்தான்.

சார்ஜ் தீர்ந்தால் அடுத்தது கிணறு, குளம், கல்குவாரிக் குட்டை. குளிக்கப் போன சிறுவர்கள் தண்ணீரில் மூழ்கி பலி என்ற செய்தி இல்லாமல் தென் மாவட்டங்களில் ஒரு கோடையும் கழிவதில்லை. மாலைப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் ‘சம்மர் கேம்ப்’ போகிறார்கள். நீச்சல், கராத்தே, கீபோர்டு, அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ்... ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பீஸ். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊருக்குள் பைசா செலவில்லாமல், பேன் காற்றில் உட்கார இருக்கிற இடம் அரசு பொது நூலகம்தான்.

“லைப்ரரியா? அங்க பேப்பர் படிக்கிற பெருசுங்களும், குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கிற பசங்களும்ல இருப்பாங்க” என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதி பாதியை யாரும் சொல்லாததால்தான் பிள்ளைகள் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

என்ன நடக்குது முகாமில்?

பொது நூலகத் துறை நூலகங்களில் கோடை முகாம் நடப்பது புதுசு இல்லை. பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை மாவட்ட மைய நூலகம், தென்காசி வ.உ.சி. வட்டார நூலகம் போன்ற இடங்களில் விடுமுறை நாட்களில் ஓவியம், காகிதத்தில் பொம்மை மடிப்பது, கதை சொல்வது, சதுரங்கம் என்று பயிற்சி நடத்துகிறார்கள். பெரும்பாலும் இலவசம். சொல்லிக் கொடுக்க ஊர் ஆசிரியர்களும் வாசகர் வட்டத்துக்காரர்களும் வருகிறார்கள்.

பெரிய ஊர்களில் இன்னும் ஜோர். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு என்றே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அப்படித்தான். ஏ.சி. குளுகுளுவென்று இருக்கும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே படிக்கலாம்.

ஆனால் சங்கரன்கோவிலில் இருந்து மதுரை 100 கிலோ மீட்டருக்கு மேல். தறித் தொழிலாளி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கதைப் புத்தகம் படித்துவிட்டு வர முடியுமா? இந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த ஊர் நூலகம்தான் கதி. சுற்றி இருக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் இருந்தால் உண்டு.

சான்றிதழ் எதுக்கு?

பொதுவாக சின்ன ஊர் நூலகங்களில் முகாம் எப்படி நடக்கிறது? ஐந்து நாள், மிஞ்சினால் பத்து நாள். கடைசி நாள் நிறைவு விழா. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. கலந்துகொண்ட அத்தனை பிள்ளைகளுக்கும் சான்றிதழ். அப்புறம் ஒரு குரூப் போட்டோ. மறுநாள் பேப்பரில் நாலு வரி.

நல்ல காரியம்தான். குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. விழா முடிந்த அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் நூலகத்துக்கு வந்தார்கள்? எத்தனை பேர் உறுப்பினர் கார்டு போட்டு, ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்? கலந்துகொண்டவர்கள் கணக்கு மேலிடத்துக்குப் போகிறது. இந்தக் கணக்கை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1999-ம் ஆண்டு முதல் நூலகங்கள் கோடையில் ஒரு போட்டி நடத்துகின்றன. விதி ரொம்ப எளிது. விடுமுறை முடிவதற்குள் ஆறு புத்தகம் படிக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பது பிள்ளையின் இஷ்டம். படித்து முடித்தால்தான் பதக்கமும் சான்றிதழும். நம்ம ஊரில் வந்து உட்கார்ந்ததற்குச் சான்றிதழ், அங்கே படித்ததற்குச் சான்றிதழ். அட்டை ஒன்றுதான், அர்த்தம் வேற.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு வெளியான வருஷம் 2010. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பிள்ளைக்கு 12 புத்தகம் இலவசம். பிள்ளைகளே தேர்ந்தெடுத்தவை. பெரியவர்கள் ‘இதைத்தான் படிக்கணும்’ என்று திணித்தது இல்லை. மூன்று கோடை இப்படியே கொடுத்தார்கள். டியூசன் கிடையாது, பரீட்சை கிடையாது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், புத்தகம் வாங்கிய பிள்ளைகள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களை முந்தி இருந்தார்கள். ரொம்ப வறுமையான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பலன் கூடுதல்.

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை எந்த அளவுக்கு மறக்கிறார்கள் என்பதில் அங்குள்ள ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அது இருக்கட்டும். படிக்கப் புத்தகம் இல்லாத வீட்டில் வளர்கிற பிள்ளை, பள்ளி பூட்டிய பிறகு எதைப் படிக்கும் என்பதற்கு ஆய்வு எதற்கு? சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நாலு வீடு ஏறி இறங்கினால் தெரியும். காலண்டரும் ரேசன் கார்டும் தவிர அச்சடித்த காகிதம் இல்லாத வீடுகள் எத்தனையோ.

மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு ரெண்டாம் வகுப்புப் பாடம்

இது ஏதோ பொழுதுபோக்கு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நாடு முழுக்க கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ‘ஏசர்’ ஆய்வு 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டைப் பற்றிச் சொன்னது வயிற்றில் புளியைக் கரைத்தது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 100 பேரில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்தவர்கள் 5 பேர் கூட இல்லை. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த பாதிப்பு அது. 2018-ல் அதுவே 10 பேர் என்று இருந்தது. 2024 ஆய்வில் நிலைமை தேறி இருக்கிறது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. 2023-ல் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. அதில் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகக் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் போட்டார்கள். படம் பெரிசு, எழுத்தும் பெரிசு. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் கோடை வந்ததும் பள்ளிக்குப் பூட்டு. அந்தப் புத்தகமும் பீரோவுக்குள்ளே. பிள்ளைக்கு நேரமே இல்லாத பத்து மாசம் புத்தகம் வெளியே இருக்கிறது. நேரம் கொட்டிக் கிடக்கிற ஒரு மாசம் புத்தகம் உள்ளே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையும் பொது நூலகத் துறையும் ஒரே அமைச்சரின் கீழ் இருப்பவை. விடுமுறைக்கு மட்டும் அந்தப் புத்தகங்களை மூட்டை கட்டிப் பக்கத்து நூலகத்துக்கு அனுப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

மாட்டு வண்டியில் போன புத்தகம்

‘பிள்ளைகள் வருவது இல்லை, நாங்க என்ன செய்ய?’ என்ற பேச்சுக்குப் பதில் 90 வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. 1931-ம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசல் கிராமத்தில் இருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். எஸ்.வி.கனகசபை பிள்ளை என்ற என்ஜினீயர் ஏற்பாடு செய்தது. நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதனும் அதில் பங்கெடுத்தார். ஊர் ஊராகப் போய் மக்களுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்தது அந்த வண்டி. ரோடு கூட ஒழுங்காக இல்லாத காலம் அது.

2022-ல் தமிழக அரசும் ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. தன்னார்வலர்கள் நூலகத்துப் புத்தகத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யோசனை அருமை. கோடையில்தான் இதற்கு வேலையே. காலேஜ் லீவில் வந்திருக்கிற நாலு இளவட்டங்கள் சைக்கிளில் கிளம்பினால் போதும்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே கிராமத்து நூலகங்களில் ‘பாலவேதி’ என்று பிள்ளைகளுக்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். நூலகத்தை நடத்துவதே ஊர்க்காரர்கள்தான். அரசு உதவி செய்கிறது. அதனால் ஊரில் உள்ள வாத்தியார், டீக்கடைக்காரர், டிரைவர் எல்லாருக்கும் அது ‘நம்ம லைப்ரரி’. இங்கே அது ‘கவர்ன்மெண்ட் லைப்ரரி’.

காசு யாருடையது?

ஆனால் உண்மையில் இதுவும் நம்ம லைப்ரரிதான். எப்படி? வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். 1948-ல் இந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலம். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 காசு. அதாவது ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டில் இருக்கிறவரும் தப்பவில்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் வந்து உட்கார்ந்துவிடும். ஆக, ஒரு நாளும் நூலகப் படி ஏறாத தறித் தொழிலாளியும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நகராட்சியும் ஊராட்சியும் வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பல உள்ளாட்சிகள் இந்தப் பணத்தை வசூலித்துவிட்டு உடனே கட்டாமல் பாக்கி வைப்பது பழைய கதை. பாக்கி விழுந்தால் முதலில் அடிபடுவது புதுப் புத்தகம் வாங்குவது. நம்ம ஊரில் வசூல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப்போட்டு யாரும் கேட்கலாம். வார்டு கவுன்சிலரிடம் வாய்விட்டுக் கேட்டால் அதுவும் மிச்சம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊர் நூலகங்களில் பல இடங்களில் ஒரே ஆள்தான் எல்லாம். கதவைத் திறப்பதும், பேப்பரை அடுக்குவதும், புத்தகம் கொடுப்பதும், பதிவேடு எழுதுவதும் அவரே. பகுதிநேர நூலகங்களில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் சொற்பம். அவரையே கதையும் சொல்லு, முகாமும் நடத்து என்றால் அஞ்சு நாளில் விழா வைத்து முடிக்கத்தான் பார்ப்பார். வாசகர் வட்டமும் பெற்றோரும் தோள் கொடுக்காமல் மாசம் முழுக்க நடத்துவது நடக்கிற காரியம் இல்லை.

பெரிசாக ஒன்றும் வேண்டாம்

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு தாத்தாவோ பாட்டியோ வந்து கதை சொன்னால் போதும். கரிசல் காட்டில் கதைக்கா பஞ்சம்? பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக் கூட முழுசாக முடிக்காதவர். கிராமத்து ஜனங்கள் சொன்ன கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவருக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருதே கிடைத்தது. அந்தக் கதைகளில் பிள்ளைகளுக்கு ஏற்றதைப் பொறுக்கி வாய்விட்டு வாசித்தாலே பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். கதை முடிந்ததும் ஆளுக்கு ஒரு புத்தகம் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். திருப்பிக் கொண்டு வரும்போது என்ன கதை என்று சொல்லச் சொன்னால் போதும். பரீட்சை எல்லாம் வேண்டாம்.

புத்தகம் கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயம் நூலகருக்கு உண்டு. நியாயமான பயம். தொலைந்தால் அவர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? கோடையில் பிள்ளைகள் கையில் கிழிகிற புத்தகத்துக்கு நூலகரிடம் காசு கேட்பதில்லை என்று மேலிடம் ஓர் உத்தரவு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அலமாரியில் செல்லரித்துப் போகிற புத்தகத்துக்கு யாரிடமும் காசு கேட்பது இல்லையே!

பெற்றோருக்குச் செலவு அதிகம் இல்லை. கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்க உறுப்பினர் ஆவதற்கு 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதிலும் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கிற காப்புத் தொகை. அதுவும் முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊரில் உள்ள ஜவுளிக்கடை, பாத்திரக்கடை முதலாளிகள் கட்டலாம். ஆடித்தபசுக்கு ஆயிரம் ஆயிரமாக நன்கொடை கொடுக்கிற ஊர் இது. நூலகத்துக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் ‘புரவலர்’ என்று பெயர்ப் பலகையிலேயே பேர் எழுதுகிறார்கள்.

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். தறிக்கு லீவு விடுகிற நாளும் அதுதான். பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக அப்பாவுக்கு அன்றைக்கு நேரம் இருக்கும்.