சரக்கின் சூடு யார் கணக்கில்?

கடந்த மே மாதம் தூத்துக்குடியில் ஓர் இறால் பதன ஆலையின் லோடிங் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை மணி. நாற்பதடி ரீஃபர் பெட்டி பின்பக்கமாக மேடையை ஒட்டி நின்றது. கதவுகள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. ஜென்செட் உறுமியது, குளிர் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெண்புகை மாதிரி குளிர்காற்று தளத்தோடு வழிந்து வந்து மேடை விளிம்பில் கரைந்தது. பாதி லோடு ஏறியிருந்தது. லோடுமேன்கள் டீக்குப் போயிருந்தார்கள். குளிர் அறையிலிருந்து வெளியே வந்துவிட்ட நான்கு பேலட் சரக்கு, இரண்டு கூரை நிழலிலும் இரண்டு வெயிலிலுமாகக் காத்துக் கிடந்தது.

“செட் பாயின்ட் மைனஸ் பதினெட்டு சார், ஒண்ணும் ஆகாது” என்றார் மேற்பார்வையாளர்.

வெயிலில் நின்ற பேலட்டின் மேல்வரிசையில் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து, இரண்டு இறால் கட்டிகளுக்கு நடுவே ஊசி தெர்மாமீட்டரை நுழைத்தோம். மைனஸ் 11. அவர் கையிலிருந்த லோடிங் தாளைப் பார்த்தேன். ‘சரக்கு வெப்பநிலை’ என்ற கட்டத்தில், இன்னும் ஏறாத பேலட்டுகளுக்கும் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை ஒரே மையில் மைனஸ் 18 என்று எழுதி முடித்திருந்தது.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. மாலைக்குள் பெட்டி துறைமுகக் கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஃபீடர் கப்பல் போய்விடும்; ஏச்சு அவருக்குத்தான் விழும். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்பதையும் வருடக்கணக்கான அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. படிக்காதவர்கள் நாம். ஏற்றுமதியாளர், ஃபார்வர்டர், கப்பல் கம்பெனிக்காரர், டிரெய்லர் உரிமையாளர், இந்தப் பக்கத்தை எழுதும் நானும் சேர்த்து. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ரீஃபர் பெட்டி, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கின் குளிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. சுவர், கூரை, தளம் வழியாக உள்ளே கசிகிற வெப்பத்தை வெளியேற்றுவது அந்த மெஷினின் வேலை. சூடான சரக்கைக் குளிர வைக்கும் வலு அதற்குக் கிடையாது. இது நம் தொழிலின் முதல் பாடம், எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஆலையிலோ தோட்டத்திலோ விட்ட குறையைப் பெட்டி சரிசெய்துவிடும் என்றுதான் நடந்துகொள்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேனிப் பக்கத்து வாழைக்காய். வெட்டி வந்தபோது காயின் உட்சூடு 30 டிகிரி. போக வேண்டியது 14 டிகிரியில். 20 டன் காயை 16 டிகிரி இறக்க, சுமார் 300 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அந்த நிலையில் நாற்பதடி ரீஃபர் மெஷினால் எடுக்க முடிவது, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், மணிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு யூனிட். காகிதக் கணக்கிலேயே ஒரு நாளைத் தாண்டிவிட்டது. நடப்பில் பல நாள் ஆகும். காய் மூச்சு விடுகிறது, அந்த மூச்சிலும் சூடு பிறக்கிறது. அட்டைப்பெட்டிக்குள் பாலித்தீன் உறை, உறைக்குள் சீப்பு. நடுவில் இருக்கும் பெட்டிகளைக் குளிர்காற்று தொடுவதற்குள் அவற்றில் ஒன்றிரண்டு காய் பழுக்கத் தொடங்கும். அது விடும் எத்திலீன் அக்கம்பக்கத்தையும் பழுக்க வைக்கும். அவசரப்பட்டு செட் பாயின்ட்டை 10க்கு இறக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். 13க்குக் கீழே போன காயின் தோலில் குளிர்க்காயம் விழுந்துவிடும். பிறகு எந்தப் பழுக்கவைக்கும் அறையில் அடைத்தாலும் அந்தத் தோலில் நல்ல மஞ்சள் வராது.

காலிப் பெட்டியை முன்கூட்டியே ஓட்டிக் குளிர வைத்துவிட்டால் சரக்குக்கு நல்லது என்ற நம்பிக்கையும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. குளிர் அறையின் வாசலும் பெட்டியின் வாசலும் இடைவெளி இல்லாமல் பொருந்தும் மேடை இருந்தால் அது சரி. நம் பக்கத்தில் அப்படி எத்தனை மேடை இருக்கிறது? திறந்த மேடையில், கடற்கரை ஈரக்காற்றில், குளிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தால் நடப்பது வேறு. கூரையிலும் சுவரிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கிறது, அட்டைப்பெட்டி நனைந்து தொய்கிறது. கதவு திறந்திருக்கும்போது மெஷினையும் ஓடவிட்டால் அந்த ஈரம் அத்தனையும் எவாப்பரேட்டரில் பனியாகப் படிகிறது. கதவை மூடியபின் மெஷின் முதல் வேலையாக டீஃப்ராஸ்டுக்குப் போகிறது. சரக்குக்கு மிகவும் குளிர் தேவைப்படும் நேரத்தில், மெஷின் தன் உடம்பிலிருக்கும் பனியை உருக்கிக்கொண்டு நிற்கிறது. லோடிங் நடக்கும்போது மெஷினை நிறுத்துங்கள். லோடிங்கை வேகமாக முடியுங்கள். டீ லோடிங்குக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும்.

இந்தத் தொழிலின் தொடக்கக் கதை ஒன்று என்னை விட்டு அகலாதது. 1882ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது. உள்ளே ஏறக்குறைய 5000 உறைந்த ஆட்டிறைச்சி உடல்கள், அவற்றைக் காக்க நிலக்கரியில் இயங்கும் ஒரு குளிர்காற்று இயந்திரம். புறப்படுவதற்கு முன்பே இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. அதுவரை ஏற்றி வைத்திருந்த நூற்றுக்கணக்கான உடல்களை இறக்கி உள்ளூரிலேயே விற்றார்கள். சந்தேகத்துக்கிடமான சரக்கைக் கப்பலில் வைத்துக்கொண்டு ‘போகப் போகச் சரியாகும்’ என்று கிளம்பவில்லை. கடல் நடுவே, வெப்ப மண்டலத்தில் காற்றில்லாமல் கப்பல் தவித்தபோது, குளிர்காற்று கிடங்கு முழுக்கச் சரியாகப் பரவவில்லை என்று தெரிந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காற்று போகும் வழிதான் போதவில்லை. கேப்டன் விட்சன் தானே உள்ளே தவழ்ந்து போய், காற்றுக்கு வழி விடக் கூடுதல் துளைகளை ரம்பத்தால் அறுத்தார். குளிரில் விறைத்து நினைவு தப்பும் நிலைக்குப் போனவரைக் கயிறு கட்டி இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். 98 நாள் பயணம். லண்டனில் இறக்கியபோது கழித்துக் கட்டப்பட்டது ஒரே ஒரு உடல்.

அந்தக் கேப்டன் அறுத்த துளைகளின் வேலையை இன்று நம் பெட்டியின் தளம் செய்கிறது. டி வடிவ அலுமினியப் பட்டைகளுக்கு இடையே குளிர்காற்று அடியில் ஓடி, சரக்கு வழியாக மேலேறி, கூரைக்குக் கீழே திரும்பி வருகிறது. கூரையருகே சிவப்புக் கோடு ஒன்று போட்டிருப்பதும் அதற்காகத்தான். அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு வரிசை திணித்தால் காற்று திரும்பும் பாதை அடைபடுகிறது. கதவுப்பக்கம் மூன்றடி தளத்தை வெறுமையாக விட்டால், காற்று சுலபமான அந்த வழியே மேலேறித் திரும்பிப் போய்விடுகிறது, சரக்கைச் சீண்டுவதே இல்லை. மிஞ்சும் தளத்தைக் கெட்டி அட்டையால் மூடிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. உறைந்த சரக்கு என்றால் பெட்டிகளை நெருக்கி அடுக்க வேண்டும், காற்று அதைச் சுற்றிப் போனால் போதும். காய்கனி என்றால் காற்று ஊடே போக வேண்டும், அட்டைப்பெட்டிகளின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பேலட்டை அரைச்சாண் மாற்றி வைத்தாலே அந்தத் துளைகள் அடைபட்டுவிடும்.

மருந்துக்காரர்களின் கவலை எதிர்ப்பக்கம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன் போயிற்று, உருக்கினாலும் திரும்பாது. குளிர் வேனில் காற்று வரும் வாயருகே நெருக்கி வைத்த பெட்டிதான் முதலில் உறையும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராமச் செவிலியர்கள் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் பேக்கை அடுக்கும் முன் வெளியே வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அதை ஊசி மருந்தின் பக்கத்தில் வைக்கிறார்கள். கையால், காதால் செய்கிற சோதனை. அந்தக் கவனத்துக்கு நான் தலைவணங்குகிறேன். கோடி ரூபாய்ச் சரக்கை அனுப்பும் நாம் ஒரு ஊசி தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கச் சோம்பல்படுகிறோம்.

தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பகுதி ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. யார்டில் பிளக்கைப் பிடுங்கி, கப்பலில் ஏற்றி மறுபடி சொருகி, கொழும்பில் பிடுங்கி, சொருகி, மறுபடி பிடுங்கி ஏற்றும் இந்த இடைவெளிகளை யாராலும் முழுக்க ஒழிக்க முடியாது. நன்றாக உறைந்த சரக்கு இதைத் தாங்கும். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ‘டஸ்கனி’ கப்பலில் வந்த ஐஸ், எந்த மெஷினும் இல்லாமல், காப்பும் நெருக்கமான அடுக்கும் மட்டுமே துணையாக நான்கு மாதம் கடலில் கிடந்தது. புறப்பட்ட 180 டன்னில் சுமார் 100 டன் கரை சேர்ந்தது. அந்த வணிகம் பிறகு சென்னைக்கும் வந்ததன் அடையாளம்தான் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். ஆழமாக உறைந்து, நெருக்கமாக அடுக்கிய 20 டன் இறாலுக்கும் அதே தாங்குசக்தி உண்டு. மைனஸ் 11இல் ஏறிய இறாலுக்கு அந்த இருப்பு இல்லை. அது பிளக் இல்லாத முதல் சில மணி நேரத்திலேயே விளிம்புக்கு வந்துவிடும்.

சரக்கு கெட்டுப்போய் இழப்பீடு கேட்கும்போதும் இதே இடத்தில்தான் அடிபடுகிறோம். பெட்டியின் பதிவுக்கருவி சப்ளை ஏர், ரிட்டர்ன் ஏர் இரண்டையும் மணிக்கு மணி எழுதி வைக்கிறது. சப்ளை ஏர் சரியாக இருந்து, ரிட்டர்ன் ஏர் முதல் மூன்று நான்கு நாள் செட் பாயின்ட்டுக்கு வெகு மேலே நின்று மெதுவாக இறங்கினால், அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த எவரும் சரக்கு சூடாக ஏறியது என்று சொல்லிவிடுவார். நம் கையில் ஒரே மையில் எழுதிய தாள் இருக்கும். அந்தத் தாளை எந்த சர்வேயரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்.

இப்போது மைனஸ் 18 என்ற எண்ணையே மாற்றலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், உறைந்த உணவின் அளவை மைனஸ் 15க்கு உயர்த்தலாம் என்ற கூட்டணி ஒன்று தொடங்கப்பட்டது. மைனஸ் 18 என்பது சுழியம் ஃபாரன்ஹீட்டின் செல்சியஸ் வடிவம், முழு எண்ணாக இருப்பதால் பழகிப்போனது. மூன்று டிகிரி உயர்த்தினால் மின்சாரமும் எரிபொருளும் மிஞ்சும் என்பது உண்மை, நோக்கமும் நல்லது. ஆனால் நம் லோடிங் மேடைகள் இன்றிருக்கும் நிலையில் நான் அதை ஆதரிக்க மாட்டேன். நாம் செய்யும் அத்தனை தவறையும் இதுவரை பொறுத்துக்கொண்டிருப்பது அந்த மூன்று டிகிரி. சரக்கின் வெப்பநிலையை உண்மையாக அளந்து எழுதும் பழக்கம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு நான் முதல் ஆளாக வருவேன்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புக்கிங் படிவத்தில் எண்ணுக்கு முன்னால் போடும் சிறு கோட்டை நம்பாதீர்கள். அதை வெறும் பிரிப்புக் கோடு என்று நினைத்து 18க்கு செட் செய்த கதைகள் நம் தொழிலில் உண்டு. ‘மைனஸ்’ என்று எழுத்தால் எழுதுங்கள். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதையும் எழுத்தால் எழுதுங்கள்.

நான் கேட்பது புது மெஷினோ புதுச் சட்டமோ இல்லை. ஒவ்வொரு லோடிலும் மூன்று இடத்தில், மெஷின் பக்கம், நடுவில், கதவுப்பக்கம், சரக்கின் உள்ளே ஊசியைக் குத்திப் பார்த்து, பார்த்த எண்ணை, பார்த்த நேரத்தோடு எழுதுங்கள். எழுதியவர் கையெழுத்துப் போடட்டும், டிரெய்லர் ஓட்டுநரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். குறித்த அளவுக்கு வராத பேலட்டைத் திருப்பிக் குளிர் அறைக்கு அனுப்பும் உரிமையை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதனால் ஒரு கப்பல் தவறிப்போனால் அந்த நட்டத்தை அவர் தலையில் போட மாட்டோம் என்று முதலாளிகள் வாக்குக் கொடுங்கள். இந்த வாக்கு இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது.

அன்று அந்த மேடையில், வெளியே நின்ற நான்கு பேலட்டுகளும் குளிர் அறைக்குத் திரும்பிப் போயின. பெட்டி பாதி லோடோடு கதவை மூடிக் காத்திருந்தது, அந்த வாரக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் போன சரக்கு மைனஸ் 19இல் ஏறியது. அந்தத் தாளில் மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு நேரங்களும் இருந்தன. உங்கள் மேடையிலிருந்து அப்படி ஒரு தாளின் நகலை இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள்.