டீ யாருக்கு?

மகாராஜபுரம் பக்கம் போனால் ஏதாவது ஒரு தம்பி என்னிடம் நோட்டை நீட்டாமல் விடமாட்டார். 'பத்திரிகைக்கு அனுப்பினேன், பதிலே இல்லை சார். மோதிரத்தை வித்தாவது புஸ்தகமா போட்டுடட்டுமா?'

போடலாம். ஆயிரம் காப்பியும் கட்டிலுக்கடியில் கிடக்கும். கரையான் மட்டும் அட்டை டு அட்டை படிக்கும்.

மோதிரம் விரலிலேயே இருக்கட்டும். முதலில் ஒரு சிநேகிதனைப் பிடியுங்கள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று சின்ன கிராமம். கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அந்த ஊர்ப் பால்ய சிநேகிதர்கள். அவர் சென்னைக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தார். இவர் ஊரிலேயே விவசாயம். நடுவில் தபால்காரர். அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. கி.ரா.வின் 'மாயமான்' 1958-ல் 'சரஸ்வதி'யில் வந்தபோது அவருக்கு வயது 35-ஐ ஒட்டி. இருவருக்கும் சாகித்ய அகாதமி விருது: அழகிரிசாமிக்கு 1970-ல், மறைந்த பிறகு, கி.ரா.வுக்கு 1991-ல்.

ஊர்த் தண்ணீர் விசேஷமா, தெரியாது. எழுத்தைப் பற்றிப் பேச ஆளுக்கு ஓர் ஆள் இருந்தது.

'சூப்பர்டா!' என்கிற சிநேகிதன் உங்களுக்கு டீ வாங்கித் தருவான். 'ரெண்டாம் பக்கத்துல தூக்கம் வருதுடா' என்கிறானே, அவனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு வடையும்.