பூவும் மலரும் ஒன்றுதானா?

'ஃப்ளவர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது என்று வினவினால், பூ, மலர் என்று இரண்டைச் சொல்லி அமைந்துவிடுவோர் பலர். 'ப்ளாசம்', 'ப்ளூம்' ஆகியவற்றுக்கும் அவர்தம் விடை அதுவே. கையடக்க அகராதிகள் பலவும் இவ்வழியே நடக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்றாக இருப்பது தமிழுக்கு வரும்போது ஒன்றாகிவிடுகிறது; தமிழில் பத்தாக இருப்பதும் அதே வழியில் ஒன்றாகச் சுருங்குகிறது. இரண்டாவது இழப்பே நம்மை வருத்துவது.

ஒருபொருட் பன்மொழி என்ற பெயரில் சொற்களை அடுக்கிவைக்கும் பழக்கம் நமக்குப் பழையது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுள் இயற்றுவோர்க்குச் சொற்களஞ்சியமாக நின்றன. அவற்றின் பயன் பெரிது. எனினும், ஒரு தொகுதியில் நிற்பதனாலேயே சொற்கள் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடா. இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு: ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்ப்பது.

இளைஞனுக்கு மீசை அரும்புகிறது, மலர்வதில்லை. விருந்தினரைக் கண்டு முகம் மலர்கிறது; பூப்பதில்லை. வழிபார்த்துக் கண் பூத்துப்போகிறது. அங்கே மலர்தலைச் சொன்னால் பொருளே தலைகீழாகிவிடும். நெருப்பின்மேல் நீறு பூக்கிறது. ஈரச் சுவரில் பூஞ்சணம் பூக்கிறது. பூத்தல் என்பது ஒன்றன் மேற்பரப்பில் மற்றொன்று தோன்றிப் படர்வது. மலர்தல் என்பது உள்ளே குவிந்திருந்தது விரிவது. வினையாகும்போது வேறுபடும் இவ்விரண்டும் பெயராக நிற்கும்போது மட்டும் எவ்வாறு முற்றும் ஒன்றாகும்?

மற்றவையும் இத்தகையனவே. போது என்பது விரியத் தொடங்கும் நிலை. அதுவே காலத்திற்கும் பெயர். அலர் என்பது விரிந்த பூ. களவொழுக்கம் ஊரறிய வெளிப்பட்டுப் பலர் வாய்ப்படுவதும் அலரே. வீ என்பது உதிர்ந்த பூ. வீதல் என்றால் அழிதல், இறத்தல். செம்மல் வாடிய பூவைக் குறிக்கும். பெருமைக்குரிய ஆடவனுக்கும் அதுவே பெயர். இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுற்றம் உண்டு. சுற்றத்தை விலக்கிவிட்டுச் சொல்லை மட்டும் மனனம் செய்வதில் பயன் என்ன?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் நிலைகளை வகுத்துக் காட்டினார். இன்று பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'தமிழ்ச்சொல் வளம்' என்னும் தலைப்பில் இப்பகுதி இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது மதிப்பெண் பட்டியலாகிவிட்டது. ஐந்தையும் வரிசை பிறழாமல் எழுதும் மாணவர் தம் கட்டுரையில் 'மலர் கீழே விழுந்தது' என்றே எழுதுகிறார். இன்னொரு சாரார், இவ்வாறு எம்மொழியில் உண்டு என்று தோள் தட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். சங்கப் புலவர் எல்லா இடத்தும் இவ்வரிசையை இம்மி பிசகாது பின்பற்றினர் என்பதும் இல்லை. வீ என்னும் சொல் பொதுவாகப் பூவைக் குறித்து வரும் இடங்களும் உள. வரிசையைக் காட்டிலும் வழக்கே பெரிது.

ஆங்கிலத்தை இழித்துப் பேசவும் வேண்டியதில்லை. 'ப்ளாசம்' அம்மொழியில் பெரும்பாலும் மரப்பூவை, அதிலும் கனிதரும் மரத்தின் பூவைக் குறிக்கும். நம்மிடம் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்ற பகுப்பு உண்டு. கோடு என்பது கிளை. ஆப்பிள் மரத்தின் பூவை மொழிபெயர்ப்பவர் கோட்டுப்பூ என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாகாதா? திராட்சையின் மேல் படரும் வெண்பொடி ஆங்கிலத்தில் 'ப்ளூம்'. நம் நீறு பூத்தலுக்கு அது உறவு. மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிரிந்தது. 1755இல் வெளிவந்த ஜான்சன் அகராதியில்கூட இரண்டும் எழுத்தால் வேறுபடவில்லை. துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்னும் நமக்கு இது வியப்பாகாது.

பெண்ணாடத்திற்கும் பூவுக்கும் பழைய தொடர்புண்டு. இந்திரன் பூசைக்கு மலர் கொண்டுவர விண்ணுலகப் பெண்களை அனுப்பினான். அவர்கள் இத்தலத்து இறைவனை வழிபட்டு இங்கேயே தங்கினர். அவர்களைத் தேடிவந்த ஆவும் தங்கியது. பின்வந்த கடமாகிய யானையும் தங்கியது. ஆகவே பெண்ணாகடம் என்பது தலபுராணம். கருவறை விமானம் யானை படுத்திருப்பதுபோல் அமைந்த தூங்கானைமாடம் இக்கதைக்கு அரணாகச் சொல்லப்படுகிறது. புராணத்தில் பூ வழிபாட்டுக்கு உரியது. இம்மாவட்டத்து முந்திரித் தோப்பிலோ பூ என்பது அவ்வாண்டின் வாழ்வு. 'முந்திரி பூவெடுத்துவிட்டது' என்பாரேயன்றி 'மலர்ந்துவிட்டது' என்பாரில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் வீழ்ந்த மரங்களோடு வரவிருந்த பூவும் போயிற்று. குமரி மாவட்டத்து உழவர் நெற்பருவத்தையே கன்னிப்பூ, கும்பப்பூ என்கின்றனர். இங்கெல்லாம் மலரை வைத்தால் விளைச்சல் மறைந்து அழகு மட்டுமே எஞ்சும்.

பூவுக்குக் கொடிய முகமும் உண்டு. கணவனை இழந்தவளைப் 'பூவிழந்தவள்' என்று ஒதுக்கிய சமூகம் இது. 'மலரிழந்தவள்' என்று எவரும் சொன்னதில்லை. மலர் கவிதைக்கும் மேடைக்கும் உரியதாக ஒதுங்கிவிட, பிறப்பு, பூப்பு, மணம், கைம்மை, சாவு ஆகிய அனைத்தையும் சுமந்தது பூ. அச்சுமையை அறியாமல், எதுகைக்காகவும் மோனைக்காகவும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு நிரப்புவது சொல்லுக்குச் செய்யும் நீதியன்று.

தமிழாசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'பூவின் வேறு பெயர்கள் யாவை?' என்று வினவுவதை விடுத்து, 'இத்தொடரில் இச்சொல்லை ஏன் மாற்ற முடியாது?' என்று வினவலாம். மாணவர் அதற்கு விடைதேடத் தம் வீட்டிற்கும் வயலுக்கும் செல்ல நேரும். அங்கே சொற்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.