கிணற்றடியில் இட்ட பெயர்

ஆட்டோவின் பின்கண்ணாடியில், புதுவீட்டு நிலைக்கு மேலே, கடைப் பெயர்ப்பலகையில் ‘யெகோவாயீரே’ என்று எழுதிவைப்பது நம் கிறிஸ்தவர்களிடையே வழக்கம். வேண்டியதைக் கர்த்தர் தருவார் என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். மகனைப் பலியிட மலையேறிய ஆபிரகாம், புதரில் சிக்கிய கடாவைக் கண்டபின் அந்த இடத்துக்கு இட்ட பெயர் அது. ஆனால் அதற்குள் ‘தா’ என்ற வினை இல்லை. இருப்பது ‘பார்’ என்ற எபிரேய வினை. பழைய தமிழ் வேதாகமம் அந்தக் கதையில் இந்த வினையை ‘பார்த்துக்கொள்வார்’ என்று போட்டிருக்கிறது. நல்ல தமிழ் அது. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அதில் கண்ணும் உண்டு, கையும் உண்டு.

அதே வினையில் பிறந்த இன்னொரு பெயர், ஆதியாகமத்தில் ஆறு அதிகாரங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது: எல் ரோயீ. என்னைப் பார்க்கிற கடவுள். எபிரேய மூலம் அவ்விடத்தில் சற்றுக் கரடுமுரடானது. ‘காட்சியின் கடவுள்’ என்றும் வாசிக்க இடமுண்டு. இன்று ஜெபக்கூட்டங்களில் உருகிப் பாடப்படும் இந்தப் பெயரை இட்டது குலத்தந்தை அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. ஆகார் என்ற எகிப்திய அடிமைப் பெண். வயிற்றுப் பிள்ளையோடு வீட்டைவிட்டு ஓடிவந்தவள்.

16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் ஒன்று தெரியும். எஜமானி சாராயும், அவள் கணவனும் பிற்பாடு ஆபிரகாம் என்று அழைக்கப்பட்டவனுமான ஆபிராமும் ஒருமுறைகூட அவளைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அவளுக்கு ‘என் அடிமை’, அவனுக்கு ‘உன் அடிமை’. பிள்ளை வேண்டி ஆகாரை ஆபிராமிடம் கொடுத்தபோது அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கருவுற்ற அவளைச் சாராய் கொடுமைப்படுத்தினாள் என்னும் இடத்தில் வரும் வினையைத்தான், எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்கியதைச் சொல்ல யாத்திராகமமும் எடுத்தாள்கிறது. சூருக்குப் போகும் வழியில், ஒரு நீரூற்றின் அருகே, கர்த்தருடைய தூதன்தான் முதன்முதலாக அவளை ‘ஆகாரே’ என்று அழைக்கிறான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். பதிலுக்கு அவள் பெயர் சூட்டுகிறாள். ஆபிரகாம் பெயரிட்டது ஓர் இடத்துக்கு, கிதியோன் பெயரிட்டது ஒரு பலிபீடத்துக்கு. ஆகார் பெயரிட்டதோ தன்னோடு பேசிய கடவுளுக்கே. இந்தத் துணிச்சலை அமெரிக்க விவிலிய அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் 1984இல் அழுத்தமாகச் சுட்டிக்காட்டினார்.

இதில் தொண்டையில் சிக்கும் முள்ளும் உண்டு. ‘திரும்பிப் போ, அவளுக்கு அடங்கியிரு’ என்கிறான் அதே தூதன். இதைப் பூசி மெழுகாமல் வாசித்தவர் டெலோரஸ் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அடிமை வரலாற்றை ஆகாரின் கதையோடு வைத்து அவர் எழுதிய நூல் 1993இல் வந்தது. கடவுள் அங்கே விலங்கை உடைக்கவில்லை, பிழைத்துக் கிடக்க வழி காட்டினார் என்பது அவர் வாசிப்பு. பிற்பாடு கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமாக அவள் பிள்ளையோடு துரத்தப்படுகிறாள். பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைக் காண மனமின்றித் தள்ளி உட்கார்ந்து அழுகிறாள். அப்போது அவள் கண்கள் திறக்கப்பட, ஒரு கிணற்றைக் காண்கிறாள்.

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக்கினார். சபையும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போயிற்று. லூக்கா வேறொரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார். கடவுள் தம் அடிமையின் தாழ்மையைப் பார்த்தார் என்று மரியாள் பாடும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆகாரின் சிறுமைக்கு வரும் அதே சொல். கிறிஸ்து பிறப்பின் பாட்டுக்குள் அந்த எகிப்தியளின் குரலும் கேட்கிறது.

கிறிஸ்மஸ் மாதத்து இதழில் இதை எழுத ஒரு காரணம் உண்டு. துன்பப்பட்டு வந்தவர்களை வழியனுப்ப நம்மிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்.’ சம்பளம் கேட்ட வேலைக்காரியிடம், அடிவாங்கி வந்த மருமகளிடம், கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டவரிடம் சொல்லியிருக்கிறோம். ‘உன் அடிமை உன் கையில், உனக்கு இஷ்டப்படி செய்’ என்று ஆபிராம் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தமிழில் அதற்குப் பெயர் பாராமுகம்.

அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு உண்டு. கூடாரத்துக்குள் இருந்தவருக்கு இல்லை.