கடலுக்குப் போனவளும் கொழும்புக்குப் போனவளும்

பாய்மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றுவேன் என்றாள் நெதர்லாந்துச் சிறுமி லோரா டெக்கர். ஆண்டு 2009; அவளுக்கு வயது 13. தந்தை இசைந்தார், அரசு இசையவில்லை. நீதிமன்றம் அவளைச் சிறுவர் காப்பு அதிகாரிகளின் கண்காணிப்பில் வைத்தது. பெரிய படகு தேடினாள், முதலுதவி பயின்றாள், உறக்கமின்மையைத் தாங்கப் பழகினாள். அதன் பின்னரே, 2010 ஜூலையில், தடை நீங்கியது. 2012 ஜனவரி 21இல், தன் 16ஆம் வயதில், உலகை வலம்வந்து முடித்தாள்.

அவளது துணிவு போற்றத்தக்கது. ஒரு சிறுமியின் உயிருக்காக ஓர் அரசு வழக்காடியதே, அது அதனினும் போற்றத்தக்கது!

இங்கே நடந்ததென்ன? தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள், அதே வயதில் கொழும்பு மாளிகைகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனரே, எந்த நீதிமன்றம் தடுத்தது? எவர் வீடு, எத்தனை மணி வேலை, எங்கே உறக்கம் என்று கேட்டவர் யார்? வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்ந்ததே 2021இல்தான்!

தோழர்களே, ஏட்டுச் சட்டம் எம் பிள்ளைகளைக் காக்காது. லயத்து வாசலைத் தரகன் மிதிக்குமுன் அதிகாரி மிதிக்க வேண்டும். பதினாறு வயதுவரை ஒவ்வொரு பிள்ளையையும் பள்ளியில் இருத்துவது அரசின் கடன். அதைக் கேட்டுப் பெறுவது நம் கடன்.