ரெண்டு உசிருக்குச் சேர்த்து

வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கிறோம், மண்டபம் பார்க்கிறோம், வளையல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். ஏழாம் மாதத்தில் செய்வது வழக்கம். ஏறக்குறைய அதே சமயத்தில், 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில், அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை சுகர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தக் காலண்டரிலும் குறித்துவைப்பதில்லை. மாசமாக இருப்பது தெரிந்த கையோடு எடுத்த முதல் டெஸ்ட் நார்மல். "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே" என்று அடுத்ததை விட்டுவிட்டு, ஐந்து வகைச் சாதத்தை இலையில் பரப்பி அவள் முன் வைக்கிறோம். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுகிறார்கள். போதும் என்று அவள் கையால் மறைத்தால், "ரெண்டு உசிருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்மா" என்கிறோம். நானும் அந்தப் பந்திகளில் உட்கார்ந்து அதையே சொன்னவன்தான்.

அந்த வாரங்களில் மறுபடி எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் சத்து போகட்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். முடியாதவர்களுக்குச் சுகர் ஏறும். ஏறிய சர்க்கரை நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. ஆகவே அந்தச் சிசு தன்னுடைய கணையத்தை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கிறது. வந்த சர்க்கரையெல்லாம் கொழுப்பாகிறது. தோளும் வயிறும் பெருக்கின்றன. கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1952-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். நாமோ இன்றைக்கும் பிரசவ அறைக்கு வெளியே நின்று, "நாலு கிலோவாம்!" என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறோம். நாலு கிலோ குழந்தை எல்லாமே சுகர் குழந்தை அல்லதான். ஆனால் அந்த எடை எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது கேட்டோமா? தலை வெளியே வந்தபின் தோள் சிக்கி, உள்ளே டாக்டரும் நர்ஸும் பட்ட பாடு நம் காதுக்கு வராது.

பிறந்த பிறகு நடப்பது இன்னும் நுணுக்கமானது. கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை அந்த நிமிஷமே நின்றுபோகிறது. குழந்தையின் இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். பிள்ளை துவளும், கை கால் நடுங்கும், முற்றினால் வலிப்பும் வரலாம். அதற்குத்தான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பச்சைப் பிள்ளையைப் போய்க் குத்துகிறார்களே என்று நாம் முகத்தைச் சுளிக்கிறோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். நாம் யார் சேனை வைப்பது, அத்தையா தாத்தாவா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

டெஸ்ட் எடுப்பது கஷ்டம் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. வெறும் வயிற்றோடு வா என்றால் தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியால் ஆகாது, இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் வரவே மாட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்துதான் சென்னையில் டாக்டர் வி. சேஷையா ஒரு வழி செய்தார். சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்திய அரசின் வழிகாட்டுதலிலும் இந்த முறைதான் இருக்கிறது. அவரும் சக மருத்துவர்களும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், சிற்றூர்ப் பகுதிகளில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் இது இருந்தது. இவ்வளவு சுளுவாக்கிக் கொடுத்தும், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குமட்டுகிறது என்கிறவளை, "சரி கிளம்பு, ரெண்டு மணி நேரம் யாரு உக்காந்திருக்கிறது" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அப்படியே தெரியவந்தாலும் நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: "லேசாத்தான் ஏறியிருக்கு." ஒன்பது நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்த ஹாப்போ ஆய்வு 2008-இல் வெளிவந்தது. தாயின் சர்க்கரை படிப்படியாக ஏற ஏற, குழந்தையின் எடையும், அதன் இன்சுலின் சுரப்பைத் தொப்புள்கொடி ரத்தத்தில் காட்டும் அளவும் படிப்படியாகவே ஏறின. இதுவரை ஆபத்தில்லை, இதற்கு மேல்தான் ஆபத்து என்று கோடு கிழிக்க அதில் இடமே கிடைக்கவில்லை. லேசு என்பது நாமாக வைத்துக்கொண்ட கணக்கு.

அடுத்து, மாமியார் வீட்டுக் கேள்வி: "உங்க பக்கத்துல யாருக்கு இருக்கு?" பழியை வம்சத்தின் மேல் போட்டுவிட்டால் நம் சமையலறையைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா? வம்சத்துக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடையே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் உடல் பருமனும் நீரிழிவும் அதிகம். ஒரே வம்சத்துப் பிள்ளைகள்தான். கருவில் இருந்தபோது அவர்களுக்குப் போன சர்க்கரைதான் வேறு.

சமையலறைக்கு வருவோம். அவளே சமைத்து, எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் உட்காரும் வீடுகள் இன்னும் நிறைய. அப்போது பொரியலும் கூட்டும் மற்றவர்கள் தட்டில் தீர்ந்துபோயிருக்கும். பானையில் மிஞ்சியிருப்பது சாதமும் ரசமும். அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் 120-க்குள் இருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் சிரத்தையாகச் சுண்டலும் கீரையும் முட்டையும் அவளுக்கென்று எடுத்துவைத்தோம். அடுத்த வாரம் மறந்துபோனோம். எதிரில் உட்கார்ந்து வடையும் பாயசமும் சாப்பிட்டுக்கொண்டே அவளுக்கு வாய்க்கட்டுப்பாடு பற்றிச் சொன்னோம். சில வீடுகளில் நேர்மாறாகப் பட்டினியே போட்டுவிட்டார்கள். அதுவும் குழந்தைக்கு ஆகாது. வேளாவேளைக்கு அளவோடு சாப்பிட்டு, சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தாலே பெரும்பாலானவர்களுக்குச் சுகர் கட்டுக்குள் வந்துவிடும். வீடே கொஞ்சம் மாறிச் சாப்பிட்டிருந்தால் அது அவளுக்குப் பத்தியமாகவே தெரிந்திருக்காது.

இரண்டு வாரம் பார்த்தும் இறங்காதவர்களுக்கு மருந்தோ ஊசியோ தேவைப்படலாம். "இன்சுலினா? குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்" என்று நாம் பதறிய பதற்றத்தில் ஊசியை ஒளித்துவைத்த பெண்கள் உண்டு. நஞ்சைத் தாண்டாத இன்சுலினுக்குப் பயந்தோம். தாண்டிப்போகிற சர்க்கரையை ஊட்டிவிட்டோம்.

பிரசவம் ஆனதும் சுகர் பெரும்பாலும் இறங்கிவிடும். "பாத்தியா, சரியாப் போச்சு" என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்பதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்வதில்லை. அடுத்த பிள்ளை உருவாகும்போது அதன் இதயமும் தண்டுவடமும் முதல் எட்டு வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. பல பெண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறும் முன்பே அந்தக் காலம் கடந்துவிடும். கவனிக்காமல் விட்ட சுகர் உடம்பில் இருந்தால், கெடுதல் முதலில் அங்கேதான்.

பிரசவமான ஆறாவது வாரத்தில் அவளுக்கு இன்னொரு டெஸ்ட் உண்டு. இதற்கு நாள் குறிக்கவும் அலைய வேண்டாம். குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தூக்கிப் போகும் அதே ஆறாவது வாரம்தான். தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அதே கவருக்குள் தாயின் சுகர் சீட்டையும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதலில் ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் பல பெண்கள் பாதியிலேயே எழுந்து வந்துவிடுகிறார்கள். பால் கொடுக்கும் நேரம் போக மீதி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்க ஓர் ஆள் இருந்தால் டெஸ்ட் முடிந்துவிடும். தகப்பன் அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லலாம். முடியாவிட்டால் தாத்தாவோ சித்தப்பாவோ போகலாம். நம் வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்?